பெயின்ட் ஷாப் பாடம் வீட்டுக்கு வரட்டும்

(ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ராமாநுசர் பிறந்த ஊர் இது. ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பெருமை ஒன்றே இந்த ஊருக்குப் போதுமானதாக இருந்தது. கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் இன்னொரு பெருமையும் வந்து சேர்ந்திருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2000-இல் செயின்ட் கோபேன் ஆலையில் கண்ணாடி ஓடத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். 2013-இல் அதே ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் போனால், உலகமெல்லாம் போகிற கைப்பேசிகள்.

காருக்கும், கண்ணாடிக்கும், புல்லட் டாங்குக்கும், கைப்பேசித் திரைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஒரே ஒரு கீறல் விழுந்தால் போதும், சரக்கு ரிஜெக்ட்! எஞ்சின் நன்றாக ஓடும். திரை நன்றாக எரியும். ஆனாலும் கீறல் விழுந்த பொருளை வாங்குகிறவன் கையில் கொடுக்க முடியாது. ஆகவே, கீறல் விழாமல் ஒரு பொருளைத் தொடுவது, தூக்குவது, துடைப்பது, நகர்த்துவது என்கிற கலையில் இந்த வட்டாரத்தைப் போலப் பயிற்சி பெற்ற ஊர் நம் நாட்டிலேயே குறைவு.

அந்தக் கைகள் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கின்றன? அதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நம் வீட்டுக் கட்டில், மேசை, பீரோ, அலமாரி, சோபா ஆகியவற்றின் மேற்பரப்பைக் கீறல் விழாமல் காப்பது எப்படி? ஆலையில் நீங்கள் கற்ற பாடத்தை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

இது ஒரு பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். பெரிய விஷயம்தான். நம் வீட்டுக் கட்டிலும் பீரோவும் எப்படி வந்தன? பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது ஒரு தகப்பன் கடன் வாங்கிச் சீராக அனுப்பியவை. டைனிங் டேபிள் எப்படி வந்தது? மாதத் தவணையில் வந்தது. தவணை முடிவதற்குள் அது பத்து வருடம் பழகிய மேசையைப் போல ஆகிவிடுகிறதே, ஏன்? வாடகை வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். காலி செய்கிற அன்று வீட்டுக்காரர் அலமாரிக் கதவைத் தடவிப் பார்த்து அட்வான்சில் எவ்வளவு பிடிக்கிறார் என்று சொல்வார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடங்களில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து வருகிற பெண்ணுக்கு நல்ல பொருளை விட்டுப் போக வேண்டாமா?

சரி, மேசையைக் கீறுவது யார்? வீட்டில் கேட்டால் உடனே பதில் வரும். பையன் காம்பஸை வைத்துக் கிறுக்கினான். குக்கரை இழுத்தேன். பூனை பிறாண்டியது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை எப்போதாவது நடப்பவை. தினமும், சத்தமில்லாமல், உங்கள் கையாலேயே மேசையைக் கீறுகிற ஒன்று இருக்கிறது. அது மணல்.

1812-இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியல் அறிஞர் பத்துக் கனிமங்களை எடுத்து, எது எதைக் கீறும் என்று பார்த்து வரிசைப்படுத்தினார். கல்சட்டி செய்கிற மாக்கல்லில் இருக்கும் டால்க்குக்கு எண் ஒன்று. வைரத்துக்குப் பத்து. எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும். அவ்வளவுதான் கணக்கு. நம் விரல் நகம் ஏறக்குறைய இரண்டரை. தங்கம் இரண்டரையிலிருந்து மூன்று. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. கத்தி எஃகும் அதை ஒட்டித்தான். நம் காலடியில் கிடக்கும் மணலில் இருக்கும் குவார்ட்ஸ், அதாவது படிகக்கல், ஏழு! மரத்தின் மேல் அடிக்கிற பாலிஷ் பூச்சுகளோ பெரும்பாலும் நகத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

இதற்கு என்ன பொருள்? நீங்கள் போட்டிருக்கும் தங்க வளையல் கண்ணாடி மேசையைக் கீறாது. ஆனால் வளையலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் துகள் அகப்பட்டால், அது வளையலையும் கீறும், கண்ணாடியையும் கீறும். கைப்பேசித் திரைக்கும் இதே கதைதான். அந்தக் கண்ணாடியைச் சூடான பொட்டாசியம் உப்புக் குளியலில் அமிழ்த்தி, சிறிய சோடியம் அயனிகளை வெளியேற்றி, பெரிய பொட்டாசியம் அயனிகளை அந்த இடத்தில் நெருக்கி உட்கார வைக்கிறார்கள். அதனால் அது உடையாமல் தாங்குகிறது. அப்படிப்பட்ட திரையிலும் சட்டைப்பைக்குள் இருந்த மணல் கோடு போட்டுவிடுகிறது. கைப்பேசித் திரைக்கே இந்தக் கதி என்றால் அரக்குப் பாலிஷ் அடித்த தேக்கு மேசை என்ன ஆகும்?

மணல் எங்கே இல்லை? நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓயாமல் லாரி. சிங்கபெருமாள்கோவில் சாலையில் கன்டெய்னர். ஒருபக்கம் ஏரிச் சவுடு ஏற்றிய டிப்பர், இன்னொரு பக்கம் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர். புதிய ஆலை, புதிய குடியிருப்பு, புதிய சாலை என்று எங்கே பார்த்தாலும் கட்டட வேலை. ஆற்றுமணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் பாறையை உடைத்து அரைத்தது. அதன் முனைகள் கூராகவே இருக்கும். அந்தத் தூசி சன்னல் வழியாக வருகிறது, செருப்பில் வருகிறது, ஹெல்மெட்டில் வருகிறது, சாப்பாட்டுப் பையின் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நேரே மேசைமேல் வந்து உட்காருகிறது.

உடனே நாம் என்ன செய்கிறோம்? கொடியில் கிடக்கும் பழைய பனியனை எடுத்து, உலர்ந்த துணியால், உலர்ந்த தூசியை, அழுத்தி, வட்டமாகத் தேய்க்கிறோம். மணல் ஏறிய துணி உப்புத்தாள்! ஆசாரி மரத்தை இழைத்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாரே, அதே வேலையைப் பாலிஷ் ஏறிய மேசைமேல் தினந்தோறும் நாம் செய்கிறோம். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். சாயங்கால வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். அவற்றைப் போட்டது பையனுமல்ல, பூனையுமல்ல.

இப்போது உங்கள் ஆலைக்கு வருவோம். பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். இவ்வளவு பேரா! உங்களுக்குத் தெரிந்ததைத்தான் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காரின் இரும்பு உடலுக்கு முதலில் பாஸ்பேட் குளியல். பிறகு மின்சாரத்தின் உதவியோடு படிகிற இ.டி. பூச்சு. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் கொடுக்கும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே பளபளக்கும் கிளியர் கோட். இத்தனையும் சேர்த்து கனம் எவ்வளவு? ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு! லட்சக்கணக்கில் விலை சொல்கிற காரின் அழகு முழுவதும் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கிறது.

அதைக் காப்பதற்கு என்ன பாடு படுகிறார்கள்! உள்ளே நுழையுமுன் காற்றுக் குளியல். நூல் உதிராத உடை. தரையில் காலடித் தூசியைப் பிடிக்கும் ஒட்டுப்பாய். பெயின்ட் தெளிக்குமுன் காரின் உடலைத் தீக்கோழி இறகு உருளைகளால் வருடித் தூசியை எடுக்கிற முறை பல நாட்டு ஆலைகளில் உண்டு. பறவையின் இறகு! எத்தனையோ ரோபோக்கள் நிற்கிற இடத்தில், தூசியைக் கீறாமல் எடுப்பதற்கு இறகைத்தான் நம்புகிறார்கள். கையால் துடைக்கும் இடத்தில் பிசுக்குள்ள டாக் துணி. அந்தத் துணியைத் தேய்க்கவா சொல்கிறார்கள்? இல்லை. மெதுவாக ஒற்றி இழுக்கச் சொல்கிறார்கள்.

அசெம்ப்ளி லைனுக்கு வாருங்கள். மோதிரம் கூடாது. வாட்ச் கூடாது. பெல்ட் பக்கிளை மூடியிருக்க வேண்டும். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கக் கூடாது. குனிந்து வேலை செய்யும் இடத்தில் பெண்டர்மேல் உறை போட்டிருக்க வேண்டும். யாராவது ஒருவர், தூசியாக இருக்கிறதே என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, புதுக் காரின் பானட்டை அழுத்தித் துடைத்தால் சூப்பர்வைசர் என்ன சொல்வார்? நீங்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் உங்கள் வீட்டு மேசைக்கு ஏன் ஒரு சூப்பர்வைசர் இல்லை?

ஆலைப் பாடத்தின் முதல் வரி, தூசி பொருள்மேல் வந்து உட்காருமுன்பே தடுப்பது. இதை நம் முன்னோர் வாசலில் செய்தார்கள். செருப்பை வெளியே விட்டார்கள். வாசலில் தண்ணீர் வைத்துக் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்கள். அடுக்குமாடிக்கு வந்ததும் செருப்பை விடுவது மட்டும் மிஞ்சியது, கால் கழுவுவது போய்விட்டது. பரவாயில்லை. வாசலுக்கு வெளியே முரட்டுத் தென்னைநார் மிதியடி ஒன்று, உள்ளே மெத்தென்ற துணி மிதியடி ஒன்று, இரண்டையும் போடுங்கள். வாரம் ஒருமுறை தெருப்பக்கம் கொண்டுபோய்த் தட்டி உதறுங்கள். சாலையைப் பார்த்த சன்னலுக்குத் திரை போடுங்கள். கோலம் போடும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் விற்கும் கோலப்பொடி கல்லை அரைத்த பொடி. போட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். அரிசிமாக் கோலம் எறும்புக்கும் உணவு, மேசைக்கும் பகையில்லை.

அடுத்தது துடைப்பு. நல்ல மென்மையான பருத்தித் துணி அல்லது மைக்ரோ ஃபைபர் துணி. அதை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஈரம் மட்டும் தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடிப்பாக மடியுங்கள். ஒரு பக்கத்தால் ஒரு முறை, ஒரே திசையில், மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாக, அழுத்தாமல் இழுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் புதுப் பக்கத்தால் அடுத்த இழுப்பு. எட்டுப் பக்கமும் முடிந்தால் துணியை அலசுங்கள். கடைசியில் உலர்ந்த சுத்தமான துணியால் ஒரு முறை. தரை துடைத்த துணி மேசைக்கு வரவே கூடாது. இதற்குப் பணம் வேண்டாம். கூடுதலாக ஐந்து நிமிடம் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கொண்டு மேசையைத் தேய்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த நாரில் பொதுவாக அலுமினியம் ஆக்சைடு துகள்கள் ஒட்டப்பட்டிருக்கும். அதே சேர்மம் படிகமானால் குருந்தக்கல். மோஸ் வரிசையில் ஒன்பது! எவர்சில்வர் பாத்திரத்தையே கோடு போடுகிற சரக்கு அது.

மூன்றாவது, தொடுகிற இடத்தில் தடுப்பு. பெண்டர் உறை செய்கிற வேலையை நம் பாட்டி வீட்டில் பிரிமணை செய்தது. வைக்கோலிலோ கயிற்றிலோ திரித்த வளையம். சட்டி எதுவானாலும் அதன்மேல்தான் உட்கார வேண்டும். இன்று வழவழப்பான மேசைமேல் நேரே குக்கரை வைக்கிறோம், வைத்த பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் தள்ளுகிறோம். தள்ளாதீர்கள், தூக்கி வையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள், இரும்புக் கட்டிலுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். ஆனால் ஒட்டியதோடு மறந்துவிடக் கூடாது. ஃபெல்ட்டுக்குள் மணல் ஏறினால் அதுவே தரையைக் கீறத் தொடங்கும். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, மணல் ஏறியிருந்தால் கிழித்தெறிந்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள்.

இனி, மேற்பரப்பு எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா மேசைக்கும் ஒரே வைத்தியம் செல்லாது.

பழைய தேக்கு, ஈட்டி மரச் சாமான்களில் இருப்பது பெரும்பாலும் அரக்குப் பாலிஷ். பிரெஞ்ச் பாலிஷ் என்று ஆசாரிகள் சொல்வது. பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகை நினைவிருக்கிறதா? அந்த அரக்குதான். மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கிற பிசின். இன்று நாட்டிலேயே அதிகமாக ஜார்க்கண்டில் எடுக்கிறார்கள். அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் மேலே மேலே பூசுவார்கள். அதன் குணம் என்ன? சுலபமாகக் கீறல் விழும், சுலபமாகச் சரியாகும். புதிதாகப் பூசுகிற அரக்கு பழைய அரக்கைக் கொஞ்சம் கரைத்து அதனோடு ஒன்றாகக் கலந்துவிடும். பி.யூ. பாலிஷ் இதற்கு நேர் எதிர். சுலபத்தில் கீறல் விழாது. விழுந்தால் ஒட்டுப்போட முடியாது. பரப்பு முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். மெலமைன் பாலிஷ் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில், தினம் புழங்கும் சாப்பாட்டு மேசைக்கு பி.யூ.தான் என் தேர்வு. தாத்தா காலத்து ஈட்டி மர நாற்காலிக்கு அரக்கைத் தவிர வேறு எதையும் அடிக்க விடாதீர்கள். இன்னொன்று, அரக்குப் பாலிஷ் மேசைமேல் சானிடைசர் சிந்தக் கூடாது. அதில் இருப்பதும் ஸ்பிரிட் வகைதானே, பூச்சைக் கரைத்துவிடும்.

பூச்சின் வலிமையைச் சோதிக்க ஆய்வகங்களில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பென்சில்! 6பி-யிலிருந்து 6ஹெச் வரை பதினான்கு பென்சில்கள். 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு, பூச்சின்மேல் தள்ளுகிறார்கள். எந்தப் பென்சில் வரை கோடு விழவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் தரம். அடுத்த முறை பாலிஷ் கான்ட்ராக்டர் வரும்போது, இந்தப் பூச்சு எந்த பென்சில் வரை தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் பதில் சொல்வார்.

சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் சாமான்தான் இன்று நம் வீடுகளில் அதிகம். காகித அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து, 120 டிகிரிக்கும் மேலான சூட்டில், பேரழுத்தத்தில் தகடாக்குகிறார்கள். 1912-இல் அமெரிக்காவில் மின்சாதனங்களுக்குக் காப்பாக இந்த வகைத் தகட்டைக் கண்டுபிடித்தார்கள். பிறகுதான் அது மேசைக்கு வந்தது. பாலிஷைவிட உறுதியானது. ஆனால் வாங்கும்போது பளபளவென்று முகம் தெரிகிற தகட்டைத் தேடாதீர்கள். அதில் ஒரு ரோமக் கோடுகூடத் தெரியும். மேட் பரப்பும் சொரசொரப்பான டெக்ஸ்சரும் கீறலை மறைக்கும். அக்ரிலிக் கதவு இன்னும் மென்மை, ஈரமான மைக்ரோ ஃபைபரைத் தவிர எதுவும் படக் கூடாது. மலிவு விலையில் கிடைக்கும் பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளில் மேலே இருப்பது பல சமயம் வெறும் காகிதப் படலம். கீறல் விழுந்தால் அதன் வழியே ஈரம் இறங்கிப் பலகை உப்பிவிடும். அதற்குக் கீறல் அழகுக் குறை மட்டும் இல்லை, ஆயுள் குறை.

கடப்பைக் கல் பதித்த சமையலறை மேடை பல வீட்டில் உண்டு. கடப்பை சுண்ணாம்புக்கல் இனம். கத்தியும் கீறும், புளியும் எலுமிச்சையும் அரிக்கும். கிரானைட் அப்படியல்ல, அதிலேயே குவார்ட்ஸ் இருக்கிறது. காய் நறுக்கப் பலகை வையுங்கள். கடப்பைக்கு அது கல்லைக் காக்கும், கிரானைட்டுக்கு அது கத்தியைக் காக்கும்.

கண்ணாடி மேசையைப் பற்றி, கண்ணாடி செய்கிற ஊரில் நின்றுகொண்டு பேசாமல் போகலாமா? உருக்கிய வெள்ளீயக் குளத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, தேய்க்காமல் மெருகேற்றாமல் வழவழப்பான தகடு எடுக்கும் முறையை 1950-களில் இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் உருவாக்கியது. இந்த ஊரிலும் அதே முறைதான் ஓடுகிறது. அந்தக் கண்ணாடியைச் சூடாக்கிச் சடாரெனக் குளிர்வித்தால் டஃபன் கண்ணாடி. டஃபன் கண்ணாடியில் கீறல் விழாது என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். அது உடையாமல் தாங்கும் வலிமை உள்ளது. கீறலுக்கு அதுவும் சாதாரணக் கண்ணாடியும் ஒன்றுதான். மர மேசைமேல் கண்ணாடி போடுகிறவர்கள் நான்கு மூலையிலும் சிலிக்கோன் புஷ் வையுங்கள். இடையில் புகுந்த மணல் அடியில் இருக்கும் பாலிஷை மெல்ல மெல்ல அரைக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஆலையில் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காகிதமோ தூளோ போட்டுத்தானே அடுக்குகிறார்கள்?

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டித்துப் பேசியாக வேண்டும். புது டைனிங் டேபிள் வந்தவுடன் அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிடுகிறோம். அந்த மென்மையான பி.வி.சி. ஷீட்டை வளைய வைப்பதற்காகச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருள் நாளாக நாளாகக் கசிந்து பாலிஷை இளக்கும். வெயில் காலத்தில் ஷீட்டை உரித்தால் பாலிஷும் கூடவே வரும். பீரோமேலும் ஃபிரிட்ஜ்மேலும் ஒட்டி வருகிற பாதுகாப்புப் படலத்தை வருடக்கணக்கில் உரிக்காமல் வைத்திருப்பதும் இப்படித்தான். பசை இறுகிப்போய் தழும்பாக நிற்கும். ஓரத்தில் புகுந்த மணல் உள்ளே இருந்துகொண்டே கீறும். கார் வாங்குகிறவனிடம் கொடுக்கும்போது ஆலையின் படலம் காரில் இருக்கிறதா? இல்லையே! அது பயணத்துக்குப் போட்டது. வீடு வந்து சேர்ந்ததும் உரித்துவிடுங்கள். பருத்தித் துணி விரிப்பு போடுங்கள், வாரம் ஒருமுறை துவையுங்கள். மேசை சாப்பிடுவதற்கு. மூடி வைத்துப் பூஜை செய்வதற்கல்ல.

ஒரு வீட்டுச் சாமானின் வாழ்நாளில் மிகப் பெரிய கீறல் எப்போது விழுகிறது? வீடு மாற்றுகிற அன்று. மாத்தூரிலிருந்து படப்பைக்கு, சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடத்துக்கு, குட்டி யானை வண்டியில் பீரோவைப் படுக்கவைத்து, அதன்மேல் கட்டிலைப் போட்டு, அதன்மேல் கிரைண்டரைக் கட்டி, நைலான் கயிற்றை இறுக்கி இழுக்கிறோம். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும்போது கயிறு ரம்பமாகிறது. என்ன செய்யலாம்? டிவி, ஃபிரிட்ஜ் வாங்கியபோது வந்த அட்டையையும் வெள்ளை ஃபோம் ஷீட்டையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள், பரணில் வையுங்கள். கயிறு படுகிற ஒவ்வொரு விளிம்பிலும் அட்டையை மடித்துக் கொடுங்கள். பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே போர்வை. அந்தப் போர்வை உதறிச் சுத்தமாக இருக்க வேண்டும். இழுப்பறைகளைக் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். கண்ணாடியை நட்டுக்குத்தலாகத்தான் தூக்க வேண்டும், படுக்கவைத்தல்ல. தூக்குகிறவர்கள் பெல்ட்டைக் கழற்றிவைத்துவிட்டு வரட்டும். சிரிக்காதீர்கள், பீரோவின் முகத்தில் இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கோடு இருந்தால் அது பக்கிள் போட்ட கோடாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இத்தனை செய்தும் கீறல் விழுந்துவிட்டால்? முதலில் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் ஓடினால், கோடும் வெளுப்பாகத் தெரிந்தால், காயம் பூச்சின் மேல்தோலில்தான். மெழுகு கலந்த பாலிஷை மெல்லத் தடவினால் பெரும்பாலும் மறையும். நகம் தட்டி நின்றால், உள்ளே மரத்தின் நிறம் தெரிந்தால், பூச்சைத் தாண்டிவிட்டது. நிறம் பொருந்துகிற மெழுகுக் குச்சியால் நிரப்பிப் பார்க்கலாம். அதற்கும் மேல் என்றால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். இரண்டு நாள் மறையும், பிறகு அந்தப் பிசுக்கில் தூசி வந்து ஒட்டும். பற்பசை போட்டுத் தேய்க்கிறார்கள். அதில் இருக்கும் நுண்பொடி சுற்றியிருக்கும் பளபளப்பையும் மங்கச் செய்யும். இரும்பு பீரோவில் கீறல் விழுந்தால் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி மழை ஈரத்தில் துரு பூச்சுக்கு அடியில் பரவும். மெல்லிய உப்புத்தாளால் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு தொடுதல், காய்ந்தபின் அதே நிற எனாமல் ஒரு தொடுதல். பெயின்ட் ஷாப் தம்பிகளுக்கு இது அரைமணி நேர வேலை.

கடைசியாக ஆண்களிடம் ஒரு வார்த்தை. ராயல் என்ஃபீல்டு டாங்கில் தங்கக் கோட்டைக் கையால் இழுக்கிற கலைஞர்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஸ்கேல் இல்லை, ஸ்டென்சில் இல்லை, தூரிகையும் கையும்தான். பேச வேண்டியதுதான், அந்தக் கைக்கு வணக்கம். ஆனால் ஒரு பரப்பை மதித்துத் தொடத் தெரிந்த நம் கைகள், வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. துடைப்பது முழுவதும் பெண்கள் தலையில். அவர்களில் பலர் ஆலையில் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வீட்டில் இன்னொரு ஷிப்டைத் தொடங்குகிறவர்கள். கீறல் விழுந்தால் ஏச்சு வாங்குவதும் அவர்களே. இது எந்த ஊர் நியாயம்?

ஆயுதபூஜை வருகிறது. ஆலையில் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பீர்கள். இந்த முறை விடுமுறை நாளில் வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் மேசையையும் ஆண்களே துடையுங்கள். துணியை நீங்களே அலசுங்கள், எட்டாக மடியுங்கள், ரேகை ஓடும் பக்கமாக இழுங்கள். உங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். குங்குமப் பொட்டை மரத்தின்மேல் நேரே வைக்காமல் ஒரு காகிதத் துண்டின்மேல் வையுங்கள், ஈரக் குங்குமத்தின் கறை போகாது. இதை இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.